பாடுவோர்க்குப் பொருள், பாட்டுக்குத் தமிழ்!

கிறித்துப் பிறப்பு விழாவிற்குக் கூலி கொடுத்துப் பாடகர் குழுவை அமர்த்தும் வழக்கம் நகரங்களில் பரவி வருகின்றது. பாடுவோர்க்குப் பொருள் தருதல் இழிவன்று. பாணர்க்குப் பரிசில் வழங்கிய மரபு நம்முடையது. கொடுக்கும் பொருளுக்கு எம்மொழிப் பாட்டைக் கேட்டு வாங்குகின்றோம் என்பதே வினா.

ஆங்கிலத்திற் பாடினால்தான் விழா சிறக்கும் என்பார் ஒன்றை எண்ணுக. உலகெங்கும் பாடப்பெறும் ‘அமைதி இரவு’ப் பாடல் ஆங்கிலத்திற் பிறந்ததன்று. கோயில் வழிபாடு இலத்தீனில் நடந்த காலத்தில், 1816-இல், ஆசுத்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில், யோசேப்பு மோர் என்னும் குரு தம் மக்கள் பேசிய செருமன் மொழியில் எழுதிய பாட்டு அது. அவர் தம் தாய்மொழியில் பாடினார். நாம் எதற்கு இரவல் மொழியில் பாடுகின்றோம்?

நமக்குப் பாட்டுப் பஞ்சமா? இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவரே 3615 பாடல்களில் தேம்பாவணி இயற்றினார். வேதநாயக சாத்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி தந்தார்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குத் தமிழன்பர்களே! இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கிறித்தவக் குடிகள் வழிவழியாக வாழ்கின்றன. பாடகரைத் தேடுங்கால் முதலில் அவ்வூர்களிற் தேடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், தமிழிற் பாடச் சொல்லுங்கள். காணாத நாட்டின் உறைபனியைப் பாடுவதினும், முல்லையாற்றங்கரையின் மார்கழிப் பனியைப் பாடுவதன்றோ நமக்குப் பொருந்தும்!