மறதியும் ஜின்னும்

மூதாட்டி ஒருவர், தாம் பெற்ற மகனையே அடையாளம் காணாது ‘நீ யார்?’ என வினவுகின்றார். உண்டபின் உண்ணவில்லை என்கின்றார். மஃரிபு நெருங்கியதும் நிலைகொள்ளாது தவித்து, என்றோ மறைந்த வாப்பாவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடிக்கின்றார். இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் இந்நிலை கண்டவுடன் வீட்டார் பலரது வாயில் முதலில் வரும் சொல் ‘ஜின்’ என்பதேயாகும். பிறகு தாயத்து, ஓதிய தண்ணீர், ஏர்வாடிப் பயணம்.

ஜின்கள் உண்டென்பது நம் ஈமானைச் சார்ந்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், இன்ன நோயாளியின் உடலில் ஜின் புகுந்துள்ளது என அறுதியிட்டுரைக்கும் அதிகாரத்தை யாருக்கு யார் வழங்கினர்? திருமறையோ அந்நஹ்ல் (16:70), அல்ஹஜ் (22:5) ஆகிய அத்தியாயங்களில், மாந்தருள் சிலர் தள்ளாத வயதை அடைந்து, அறிந்திருந்தவற்றையும் அறியாதவராகி விடுவதை எடுத்துரைக்கின்றது. அங்கே ஜின்னைப் பற்றிய பேச்சே இல்லை, முதுமையே பேசப்படுகின்றது.

மூளையின் நரம்பணுக்கள் சிதைவதால் வரும் அல்சைமர் நோயில் மாலைப் பொழுதில் கலக்கம் மிகுவதுண்டு. வேறொரு வகை மறதி நோயில், இல்லாத குழந்தைகளும் பிராணிகளும் கண்முன் தோன்றுவர். (மஃரிபு வேளையில் ஜின் இறங்குகின்றது என்னும் கதைக்கு இவையும் உரமிட்டிருக்கலாம்.) இவற்றை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. எனினும் தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை, தலையில் அடிபட்டு உள்ளே தேங்கிய இரத்தம் ஆகியவற்றால் வரும் மறதியை உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சீராக்கலாம். சிறுநீர்த் தொற்றினால் இரண்டொரு நாளிலேயே புத்தி தடுமாறும் முதியோரும் உளர். தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் நாட்கள் இவர்களுக்கு ஈடுசெய்ய இயலாதவை.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, தனியார் மனநோயாளர் இல்லமொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓடவியலாது போயினர். 28 உயிர்கள் மாண்டன. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்தது. ஆறுதல் நாடித் தர்கா செல்வோரை நாம் குறை கூறவில்லை. துஆவோடு மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு பின்னாளில் அங்கேயே தொடங்கப்பட்டது வரவேற்கத்தக்கது.

மருந்து செய்துகொள்ளுமாறு பணித்த பெருமானார் (ஸல்) அவர்கள், முதுமை ஒன்றையே மருந்தற்றதென விலக்கினார்கள். அம்முதுமைக்கு நாம் தரவேண்டியது பொறுமையே. ரக்அத் தவறுகின்றாரே எனத் தாயைக் கடிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு, அறிவு நீங்கியோர் மீது தொழுகை கடமையில்லை என்னும் சட்டத்தை நம் ஆலிம்கள் ஜுமுஆ மேடையில் விளக்குதல் வேண்டும். கூடவே, ஓதிப் பார்க்க வருவோரிடம், இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை ஆயிற்றா என்றும் கேட்டல் வேண்டும்.