அக்கா எழுதியதை யார் படித்தார்கள்?

பல வருஷங்களாக 'யெண்ட்ல்' கதையை வகுப்பில் நடத்திவந்தவள் நான். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் எழுதியது. போலந்தின் யூதச் சிற்றூர் ஒன்றில் அப்பாவிடம் ரகசியமாக வேதநூல்கள் படித்த பெண், அப்பா இறந்ததும் முடியை வெட்டி, ஆண் உடை போட்டுக்கொண்டு, ஆண்கள் மட்டுமே படிக்கும் யெஷிவாவில் போய்ச் சேர்கிறாள். 'பெண்ணியக் கதை' என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கூடவே ஒரு துணுக்கும் சொல்வேன்: சிங்கருக்கு ஒரு சகோதரி இருந்தார், படிக்க ஆசைப்பட்டும் படிக்க வைக்கப்படாதவர், யெண்ட்லுக்கு அவர்தான் மூலம் என்கிறார்கள். மாணவிகள் 'ச்சூ' கொட்டுவார்கள். மணி அடித்துவிடும்.

ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அக்காவா மேடம், தங்கச்சியா?"

எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்றே படித்துப் பழகியதால் அந்தக் கேள்வி எனக்குள் எழவே இல்லை. தேடிப் பார்த்தேன். அக்கா. தம்பியைவிடப் பத்து வயதுக்கும் மேல் பெரியவர். பெயர் எஸ்தர் கிரைட்மன். அதோடு நின்றிருந்தால் ஒரு துணுக்கைத் திருத்தியதோடு போயிருக்கும். அவர் நாவலாசிரியர் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யிட்டிஷ் மொழியில் இரண்டு நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் வெளியிட்டவரை நான் 'மூலம்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

1891இல் போலந்தின் பில்கொராய் ஊரில் பிறந்தார். அப்பா ஹசிடிக் ரபி. அம்மா பாஷெவா ஒரு ரபியின் மகள், அந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய்க்காத படிப்பறிவு உள்ளவர். அப்படிப்பட்டவர் தலைச்சனாக ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருந்தார். வந்தது பெண். குழந்தையைப் பால் கொடுக்கும் ஏழைப் பெண்ணொருத்தியிடம் விட்டார்கள். சுமார் மூன்று வருஷம் அங்கேதான் வளர்ந்தது. பின்னால் வந்த தம்பிகள் ஜோசுவா, ஐசக், மோஷே மூவருக்கும் தால்மூத் படிக்க வழி இருந்தது. அக்காவுக்கு வீட்டு வேலை இருந்தது.

1912இல், ஆண்ட்வெர்ப் நகரின் வைரம் அறுக்கும் தொழிலாளி ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணம் பெர்லினில். ரயிலில் போகும்போது, எல்லைக் காவலர்கள் பார்த்தால் அரசுக்கு எதிரான காகிதம் என்று நினைத்துவிடுவார்கள் என அம்மா பயந்ததால், தான் எழுதி வைத்திருந்த கதைகளை எஸ்தர் கிழித்துப் போட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த செய்தி. தம்பிகள் இருவரின் ஒரு வரிகூட அப்போது அச்சேறியிருக்கவில்லை. உலகம் கொண்டாடும் சிங்கர் குடும்பத்தின் இலக்கிய வரலாற்றை இந்த ரயில் பெட்டியிலிருந்து தொடங்கியிருக்கலாம். யாரும் தொடங்கவில்லை. கிளைவ் சின்கிளேர் 1983இல் எழுதிய ஆய்வு நூலின் தலைப்பே 'சிங்கர் சகோதரர்கள்'தான். அவர் அக்காவின் எழுத்தை மதித்தவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அட்டையில் இடம் சகோதரர்களுக்கு மட்டும்தான்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஐசக் சிங்கர் வைத்துக்கொண்ட 'பாஷெவிஸ்' என்ற புனைபெயருக்கு 'பாஷெவாவுடைய' என்று பொருள். அம்மாவின் பெயரைச் சூடிக்கொண்ட மகன் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அம்மா கைவிட்ட மகள், கணவன் பெயரோடு எழுதினார்.

முதல் உலகப்போர் வந்ததும் கணவனோடும் கைக்குழந்தையோடும் லண்டனுக்கு ஓடிவந்து, 1954இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கேதான், வறுமையில், இருந்தார். மொழிபெயர்ப்பும் செய்தார். அவர் யிட்டிஷுக்குக் கொண்டுவந்த நூல்களில் ஒன்று பெர்னார்ட் ஷா அறிவார்ந்த பெண்களுக்காக எழுதிய சோஷலிச, முதலாளித்துவ வழிகாட்டி. வீட்டில் பாடம் மறுக்கப்பட்ட பெண் அதை மொழிபெயர்க்கும்போது ஒரு தடவையாவது சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பி அவரை மறந்துவிடவில்லை என்பார்கள். 'என் தந்தையின் நீதிமன்றம்' என்ற நினைவுக்குறிப்பில் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறாரே, ஒரு கதைத் தொகுப்பையே அவர் நினைவுக்குச் சமர்ப்பித்திருக்கிறாரே, போதாதா? நினைவுக்குறிப்பில் வரும் அக்கா யார் என்று பாருங்கள்: சிரிப்பும் அழுகையும் மாறிமாறி வரும், மனம் ஓரிடத்தில் நிற்காத, வலிப்பு வந்து விழும், வீட்டையே படுத்தியெடுக்கும் பெண். அன்பு இல்லாமல் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் அவர் ஏன் அப்படி ஆனார் என்ற கேள்வியை அந்த அன்பு கேட்கவில்லை.

'யெண்ட்ல்' மீது எனக்குள்ள வழக்கும் இதுதான். அந்தக் கதையில் பெண்ணுக்குப் படிக்க ஆசை வருவது ஏன்? அவள் உடம்பில் இருப்பது ஆணின் ஆன்மா, மேலுலகில் நேர்ந்த பிழை என்று கதை விளக்கம் சொல்கிறது. இதைத்தானே பெண்ணியம் என்று நடத்தினேன்! படிக்க விரும்பும் பெண் பெண்ணே அல்ல என்றால் அப்பா, அம்மா, ஊர், யெஷிவா எல்லோரும் குற்றத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். கணக்குப் பிசகியது கடவுளுக்கு. (யெண்ட்லை இன்று பாலின அடையாளம் கடந்த மனிதராக வாசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த வாசிப்புக்கும் கதையில் இடம் இருக்கிறது. அது எஸ்தரின் கதை என்று சொல்லாதீர்கள் என்பதே என் வாதம்.)

எஸ்தர் தன் கதையைத் தானே எழுதினார். 1936இல் வார்சாவில் வெளியான முதல் நாவலுக்கு அவர் வைத்த பெயர் 'பேய்களின் நடனம்'. நாயகி டெபோரா ரபியின் மகள். தம்பி மைக்கேல் படித்துப் பெரிய ஆளாவான் என்று வீடு நம்புகிறது. அவள் என்ன ஆவாள் என்றால், அப்பாவைப் பொறுத்தவரை அவள் ஆவதற்கு ஒன்றுமே இல்லை. இது நாவலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. டெபோராவுக்குள் ஆணின் ஆன்மா எதுவும் கிடையாது. அவள் புத்தகம் கேட்கும் பெண், அவ்வளவுதான். அதை மறுப்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. அப்பா வெகுளி, ஊரே ஏமாற்றும் நல்ல மனிதர். அம்மா உடம்புக்கு முடியாமல் புத்தகமும் கையுமாகக் கிடப்பவள். படித்த அம்மா புத்தகத்துக்குள் இருக்க, வீட்டைச் சுமப்பது படிக்காத மகள். அம்மாவின் படிப்புக்கு மகளின் உழைப்பு விலையாவதை இத்தனை இரக்கமில்லாமல் எழுதிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. பிறகு வார்சாவில் சோஷலிஸ்டுகள் வருகிறார்கள், ஒருவன் மீது காதலும் வருகிறது. புரட்சியும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில், தான் விரும்பாத கல்யாணத்துக்குத் தலையாட்டி ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்கிறாள்.

சொந்த வாழ்க்கையை அப்படியே எழுதிவிட்டார் என்று ஒதுக்குவது எளிது. பெண் எழுதினால் நாட்குறிப்பு, அதே வீட்டைத் தம்பி எழுதினால் இலக்கியம். அப்படிச் சொல்பவர்கள் 1944இல் வந்த 'வைரங்கள்' நாவலைப் படிக்கட்டும். ஆண்ட்வெர்ப்பின் வைர வியாபாரி ஒருவனை நடுவில் வைத்து, அந்தத் தொழிலின் பணத்தையும் பகட்டையும், போர் வந்ததும் லண்டனுக்கு அகதிகளாக ஓடுவதையும் சொல்கிறது. 'புதிய உலகம்' என்ற சிறுகதையில், பெண்ணாய்ப் பிறந்து எல்லோரையும் ஏமாற்றிய சிசுவே கதை சொல்கிறது. குத்தலான நகைச்சுவை. தன்னிரக்கம் இப்படிச் சிரிக்காது.

'பேய்களின் நடன'த்தை 1946இல் ஆங்கிலமாக்கியவர் அவருடைய மகன் மாரிஸ் கார். தலைப்பு 'டெபோரா' ஆனது. பிறகு நெடுங்காலம் மௌனம். 1978இல் தம்பிக்கு நோபல் பரிசு. 1983இல் ஸ்ட்ரைசாண்ட் நடித்து இயக்கிய 'யெண்ட்ல்' படம் வந்தது. அதே 1983இல், லண்டனின் பெண்கள் பதிப்பகமான விராகோ 'டெபோரா'வை மறுபதிப்புச் செய்தது. படத்தை உலகமே பார்த்தது. புத்தகத்தை நானே அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் தேடினேன், அதுவும் ஒரு மாணவி கேட்ட பிறகு.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. 'யெண்ட்ல்' அதில் அப்படியே இருக்கிறது. அதை எடுப்பதற்கு முன்பு இரண்டு வகுப்புகளை ஒதுக்கி, 'டெபோரா'வின் முதல் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். போன முறை, அப்பா சொல்லும் பதில் வரும் இடத்தை ஒரு பெண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தாள். யாரும் 'ச்சூ' கொட்டவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருத்தி, மீதி அத்தியாயங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.