சோதனைத்தாளில் அகப்படாத உயிரியல்

ஒவ்வொரு ஜூன் மாதமும் நோத்ர-டாம்-த-கிரேஸில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் யாராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பிள்ளையின்ர ரிப்போர்ட்டில உயிரியலையே காணேல்லை அண்ணை, பிறகு எப்பிடி டொக்டருக்குப் படிக்கிறது?" கேள்வி நியாயமானது. கியூபெக்கின் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் என்று தனிப்பாடம் கிடையாது. 2000களில் வந்த கல்விச் சீர்திருத்தம் அதை 'விஞ்ஞானமும் தொழில்நுட்பமும்' என்ற ஒரே பாடத்துக்குள் போட்டுவிட்டது. அதன் நான்கு பகுதிகளில் உயிருலகம் ஒன்று. மற்றவை சடவுலகமும், பூமியும் விண்வெளியும், தொழில்நுட்ப உலகமும்.

இடைநிலை நான்காம் ஆண்டின் முடிவில் கல்வி அமைச்சு மாகாணம் முழுவதற்கும் ஒரே வினாத்தாளைக் கொடுக்கிறது. அந்த ஆண்டு விஞ்ஞானத்தில் 60 புள்ளி எடுக்காவிட்டால் இடைநிலைப் பள்ளிப் பட்டயம் இல்லை. (கொரோனாவால் 2020இலும் 2021இலும் இந்தச் சோதனை நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அவரவர் ஆசிரியர்களே மதிப்பிட்டார்கள்.) ஆனால் இந்த வினாத்தாள் சுற்றிவருவது நான்காம் ஆண்டுப் பாடத்தைத்தான். அந்த ஆண்டின் மையப்பொருள் சூழல். இதயம், சிறுநீரகம், குருதி, இனப்பெருக்கம் எல்லாம் மனிதவுடலை மையமாகக் கொண்ட மூன்றாம் ஆண்டோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதைச் சோதிப்பது அந்தந்தப் பள்ளியின் பாடு. தன் உடம்பைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை மாகாணம் பொதுவில் கேட்பதில்லை என்றே சொல்லலாம். எனக்கு இது வினோதமாகத்தான் படுகிறது.

நாங்கள் வந்த ஊரில் நிலைமை நேர் எதிர். உயர்தரத்தில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடமாக இருந்தது, 2000ஆம் ஆண்டு மூன்று பாடத் திட்டம் வந்தபோது உயிரியல் என்று ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டே இசற் புள்ளி வந்தது. அதற்கு முன்னர் 1970களின் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் எங்கள் ஆட்களின் வாழ்க்கையை எப்படித் திருப்பின என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், இசற் புள்ளியிலிருந்து தப்பி வந்தோம் என்று நினைக்கும் பெற்றோருக்கு இங்கே சிஜெப் கல்லூரியில் 'கோட் ஆர்' காத்திருக்கிறது. 1995இலிருந்து நடைமுறையில் உள்ள அதுவும் அடிப்படையில் இசற் புள்ளிதான், வகுப்பின் தரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். மருத்துவத்துக்கு வழி அதனூடாகத்தான்.

சரி, இந்தச் சோதனைகள் எதை அளக்கின்றன? பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ஒளித்தொகுப்பின் சமன்பாட்டைத் தூக்கத்திலும் எழுதக்கூடிய பிள்ளை உடனே சொல்லும்: "மண்ணிலிருந்து." வான் ஹெல்மொன்ற் என்பவர் 200 இறாத்தல் மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தலுக்கு வந்தது, மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்சு. இது அச்சில் வந்தது 1648இல். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டியதும் தவறுதான், காபனீரொட்சைட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவராவது நிறுத்துப் பார்த்தார். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில் எம்.ஐ.ரி. பட்டதாரிகளிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். காற்று என்ற பதிலுக்கு அவர்களும் தடுமாறினார்கள். சமன்பாட்டுக்குப் புள்ளி போடும் சோதனை எதுவும் இந்தத் தடுமாற்றத்தைக் காட்டிக்கொடுக்காது.

தமிழகத்துக்கு வருவோம். 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. விஞ்ஞானத்தில் தமிழ்நாடு எடுத்தது 348. செல்வந்த நாடுகளின் சராசரி 501. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா சேரவே இல்லை. வெளியிடப்பட்ட பீசா வினாக்களில் ஒன்றைப் பாருங்கள்: சிறு பிள்ளைகளும் முதியவர்களும் சளிக்காய்ச்சலுக்கு ஏன் குறிப்பாகத் தடுப்பூசி போட வேண்டும், ஒரு காரணம் கூறு. இதில் எந்தச் சூழல் பொருந்தவில்லை?

பிறகு நீட் வந்தது. 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. 180 கேள்விக்கு 180 நிமிடம், பிழையான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. 2017இல் அரியலூர் மாவட்டத்து அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்திருந்தார். நீட்டில் கிடைத்தது 86. உச்சநீதிமன்றம் வரை போயும் பலனில்லாமல் அந்தப் பிள்ளை உயிரை விட்டார். ஒரே மாணவியைப் பற்றி இரண்டு சோதனைகள் இப்படி எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்னால், குறை மாணவியிடம்தான் என்று எப்படிச் சொல்வது? முதலாவது பாடநூலைக் கேட்டது. இரண்டாவது வேறொரு பாடநூலை, வேகத்தோடும் கோச்சிங் காசோடும் சேர்த்துக் கேட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு சிலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. அளவுகோல் அப்படியேதான் இருக்கிறது.

கேட்காத கேள்வி காலப்போக்கில் பாடத்திலிருந்தும் போய்விடும். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை எடுத்தது. 1800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது சமாதானம். உயிரியல் எடுக்காத பிள்ளை அதை எங்கே படிக்கும்? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூல் அதை விட்டுவிடவில்லை. கியூபெக்கில் முதலிரண்டு ஆண்டுகளிலேயே இயற்கைத் தேர்வு வந்துவிடுகிறது. இது பட்டம் வாங்குவதற்கான அறிவு மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் கேட்டபோது 76 விழுக்காட்டினர், அன்ரிபயோற்றிக் மருந்துக்கு எதிர்ப்புப் பெறுவது நம் உடம்பு என்று நம்பினார்கள். எதிர்ப்புப் பெறுவது பக்ரீரியா. "உடம்பு மருந்துக்குப் பழகீட்டுது" என்று எங்கள் வீடுகளிலும் சொல்லக் கேட்கலாம்.

எங்கள் பகுதியின் கிழக்கோரத்தில், வாந்தோம் மெற்றோவுக்கு அருகில், 2015இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனை வந்தது. அங்கே அம்மம்மாவோடு மொழிபெயர்ப்புக்குப் போவது பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். 1977இன் மொழிச் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளை. சிறுநீரகத்துக்கு அதனிடம் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது, அம்மம்மாவிடம் கிட்னி இருக்கிறது. "கிரியேற்றினின் கூடியிருக்கு" என்று டொக்டர் சொன்னால், வடிகட்ட வேண்டியதை வடிகட்டாமல் அது இரத்தத்தில் தேங்குகிறது என்று விளங்கிய பிள்ளை எந்த மொழியிலும் சொல்லிவிடும். வரைவிலக்கணம் மட்டும் தெரிந்த பிள்ளை சொல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டு ஆசிரியர்கள் யாராவது ஒரு பக்கம் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, 'இதை உன் பாட்டிக்கு எப்படிச் சொல்வாய்?' என்று ஒரு வினா கொடுத்துப் பார்க்கலாம். புள்ளி போடுவது சிரமம்தான். வீட்டுமொழி தெரியாத ஆசிரியர் பிரெஞ்சிலேயே எழுதச் சொல்லட்டும், கலைச்சொல் எதுவும் இல்லாமல்.