வெல்லத்தை மருந்தென்று விற்க வேண்டாம்

டீக்கடை பெஞ்சில் நாலு விவசாயிகள் உட்கார்ந்தால், அதில் ஒருவருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறது. அவரிடம் பேச்சுக் கொடுத்தால், "அஸ்காவை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப வீட்ல நாட்டுச் சர்க்கரைதான்" என்பார். பக்கத்தில் இருப்பவர், "வெள்ளைச் சர்க்கரை விஷம், வெல்லம் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் செய்யாது" என்று ஒத்து ஊதுவார். கண்காட்சி அரங்குகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இதே பேச்சுதான். நம் விவசாயிகள் சிலரே வெல்லப் பொட்டலத்தின் மேல் "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று அச்சடித்து விற்கிறார்கள்.

இந்தப் பேச்சில் பாதி பயம், பாதி நம்பிக்கை. இரண்டுமே தவறான இடத்தில் இருக்கின்றன. சர்க்கரை விஷமல்ல. ஆனால், அளவு மீறினால் கெடுதல் என்பது உண்மை. அந்த அளவைக் கணக்கிடும்போது வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில்தான் எழுத வேண்டும். கரும்பு பயிரிட்டு, வெல்லம் காய்ச்சி, அதையே வீட்டிலும் உண்ணும் நமக்கு இது இரண்டு வகையில் முக்கியம். ஒன்று நம் உடம்பு. இன்னொன்று நம் சரக்கின் மீது வாங்குபவர் வைத்திருக்கும் நம்பிக்கை.

கொப்பரையில் நடப்பது என்ன?

கரும்புச் சாறு ஒன்றுதான். ஆலையில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்துத் தெளிய வைத்து, காய்ச்சி, படிகத்தை மட்டும் தனியே பிரித்தால் வெள்ளைச் சர்க்கரை. கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, எதையும் பிரிக்காமல் பாகாக்கி அச்சில் ஊற்றினால் வெல்லம். கிளறிப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையில் 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ். வெல்லத்தில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். மீதியில் கொஞ்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், ஈரம், சிறிதளவு தாது உப்புகள்.

வயிற்றுக்குள் போன சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. அது அச்சு வெல்லத்திலிருந்து வந்ததா, ஆலை மூட்டையிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால், ஒரு நாளைக்குத் தேவையான இரும்பை வெல்லத்திலிருந்தே பெற வேண்டுமானால் 100 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதற்குள் சர்க்கரை அளவு எங்கேயோ போய்விடும். டீயில் போடும் ஒரு கரண்டியில் கிடைக்கும் இரும்பு மிகச் சொற்பம். வரப்போரம் நிற்கும் முருங்கையில் ஒரு கைப்பிடிக் கீரை பறித்துச் சமைப்பது இதைவிடப் பயனுள்ளது.

கெடுதல் எங்கே இருக்கிறது?

குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல் கையாள்கிறது. தேவைக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. உடல் எடையும் கல்லீரல் கொழுப்பும் கூடினால் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. சர்க்கரை நோய்க்கு அது ஒரு முக்கிய வழி. பரம்பரை, வயது, தீட்டிய அரிசியையே மூன்று வேளையும் உண்பது, உடலுழைப்புக் குறைவு ஆகியவையும் இதில் சேரும். எனவே, "சர்க்கரை தின்றதால்தான் சர்க்கரை நோய்" என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. பல் சொத்தையில் மட்டும் சந்தேகமே வேண்டாம். அடிக்கடி இனிப்பு படும் பல் கெடும்.

இளம் வயதில் சர்க்கரையைக் குறைப்பதால் என்ன பலன் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே சர்க்கரைக்குப் பங்கீட்டு முறை வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம்தான் கிடைத்தது. 1953 செப்டம்பரில் பங்கீடு நீங்கியதும் உட்கொள்ளும் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை, அவர்கள் முதுமை எட்டிய பிறகு ஒப்பிட்ட ஆய்வு 2024ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கருவில் இருந்தபோதும் பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்கு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தன. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் "சத்து" என்று சொல்லி வெல்லப் பாகு ஊட்டும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

டம்ளர் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஓர் அளவு சொன்னது. உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து, ஒரு நாளில் கிடைக்கும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், 25 கிராம். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ள சர்க்கரை இந்தக் கணக்கில் வராது.

இப்போது உங்கள் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றால் 10 கிராம். விடியலில் ஒன்று, வயலில் பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, டவுனுக்குப் போனால் இரண்டு. ஐந்து டீயிலேயே 50 கிராம் முடிந்துவிட்டது. வெயிலுக்கு ஒரு டம்ளர் கரும்புச் சாறு குடித்தால் 200 மில்லியில் குறைந்தது 25 கிராம். பாட்டில் குளிர்பானம் பலவற்றில் 300 மில்லிக்கு 30 கிராம் அளவுக்கு இருக்கிறது. பண்டிகைக்குச் சாப்பிடும் அதிரசத்தையும் பொங்கலையும் விட, தினமும் டம்ளரில் கரைந்து போகும் சர்க்கரைதான் கணக்கை மீற வைக்கிறது. இந்த இடத்தில் அஸ்காவுக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் கணக்கு மாறாது. இனிப்பு குறைவாகத் தெரிகிறது என்று இன்னும் அரைக் கரண்டி சேர்த்துப் போடுவதும் நடக்கிறது.

"உழைக்கிற உடம்புக்கு எல்லாம் கரைந்துவிடும்" என்பது அடுத்த சமாதானம். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். உழைக்கும் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆனால் இன்று உழவுக்கு டிராக்டர், களைக்குப் பவர் வீடர், அறுவடைக்கு இயந்திரம், தோட்டத்துக்குப் போய்வர பைக். வேலையின் பளு குறைந்திருக்கிறது. டீயின் எண்ணிக்கை குறையவில்லை.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையுடன் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. விவசாயிக்கு இந்த நோய் தரும் இடர் தனி வகை. கால் மரத்துப்போனால் சேற்றில் குத்திய முள் தெரியாது. சின்னக் காயம் ஆறாத புண்ணாகிறது. அதனால் விரலை, பாதத்தை இழப்பவர்கள் உண்டு. நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியில் மாத்திரையைக் குறைப்பதும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும்தான் இதில் மிகவும் ஆபத்தானது.

விற்கும்போது என்ன சொல்வது?

இத்தனையும் சொல்வதால் வெல்லத்துக்கு மதிப்பில்லை என்று ஆகாது. வெல்லத்தின் மதிப்பு அதன் மணத்திலும் ருசியிலும் இருக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போவது மருந்து என்பதற்காக அல்ல. அந்தப் பதத்தையும் ருசியையும் வெள்ளைச் சர்க்கரை தராது என்பதற்காகத்தான்.

நம் வெல்லத்துக்கு உண்மையான எதிரி கலப்படம். வியாபாரி மஞ்சள் நிறத்துக்கு விலை கூட்டித் தருகிறார் என்று ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைக்கிறார்கள். விலை மலிவாக இருக்கும்போது அஸ்காவையே பாகில் கொட்டுவதும் நடக்கிறது. "வெள்ளைச் சர்க்கரை வேண்டாம்" என்று அதிக விலை கொடுத்து வாங்குபவருக்கு உள்ளே கிடைப்பது அதே வெள்ளைச் சர்க்கரை. நேர்மையாகக் காய்ச்சும் விவசாயிக்கு இதனால் இரட்டை நஷ்டம். விலையும் போகிறது, பெயரும் போகிறது.

ஆகவே பொட்டலத்தின் மேல் நிரூபிக்க முடிந்ததை எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் கரும்பு ரகம், காய்ச்சிய தேதி, ஹைட்ரோஸ் இல்லை, அஸ்கா கலக்கவில்லை, வெண்டைத் தண்டுச் சாறு போட்டு அழுக்கெடுத்தது என்று எழுதலாம். "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று எழுதுவது பொய் மட்டுமல்ல, சட்டச் சிக்கலும்கூட. நோயைத் தீர்ப்பதாக உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம்.

கரும்பு என்னாகும்?

மக்கள் சர்க்கரையைக் குறைத்தால் கரும்பை யார் வாங்குவார்கள் என்ற கவலை நியாயமானது. நாட்டின் சர்க்கரைப் பயன்பாடு ஆண்டுக்குச் சுமார் 280 லட்சம் டன். இனிப்பு, பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 20 கிலோ, நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 கிராம். வெல்லம் இதில் சேராது. இது ஒரே ஆண்டில் சரிந்துவிடப் போவதில்லை. கரும்புக்கு எத்தனால் என்ற இன்னொரு சந்தையும் வந்துவிட்டது. 2025இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய் என்று மத்திய அரசு விலை வைத்திருக்கிறது. நம் வருமானத்தைத் தீர்மானிப்பது கட்டுமானமும், ஆலை பணம் தரும் நாளும், வெட்டுக் கூலியும்தான். பக்கத்து வீட்டுக்காரர் டீயில் கூடுதலாகப் போடும் ஒரு கரண்டி அல்ல.

வேளாண் அலுவலர்களுக்கும் மதிப்புக் கூட்டுப் பயிற்சி தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெல்லம் காய்ச்சும் பயிற்சியில் சுத்தம், பதம், லேபிள் பற்றிச் சொல்லும்போது, "இதுவும் சர்க்கரைதான், அளவு பார்த்துச் சாப்பிடுங்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விவசாயிகள் செய்ய வேண்டியது, நாளைக் காலை டீயிலிருந்தே தொடங்கலாம். இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள், வயலுக்கு மோரோ நீராகாரமோ கொண்டுபோங்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தச் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் காலையும் காட்டுங்கள்.