இயந்திரம் பிறகு, அச்சு முதலில்



செயற்கைக் கால் என்பது எங்கள் வாசகியரில் பலருக்குப் புதிய பொருள் அல்ல. சிலர் அதனை அணிந்தபடியே இந்தப் பக்கத்தை வாசிக்கின்றீர்கள். சிலர் கணவருக்கோ பிள்ளைக்கோ அதைப் பூட்டிவிட்டு வந்து வாசிக்கின்றீர்கள். துண்டிக்கப்பட்ட காலின் மீதிப் பகுதி உள்ளே இறங்குகின்ற கிண்ணம் போன்ற பாகத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய கிண்ணம் இன்னொருவருக்குப் பொருந்தாது. அவ்வளவு அளவாக அது எப்படிச் செய்யப்படுகின்றது?

முதலில் மீதிக் காலைச் சுற்றிப் பாரிஸ் சாந்துத் துணியால் கட்டி அளவு எடுக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் சாந்தை ஊற்றினால் காலின் உருவம் கட்டியாகக் கிடைக்கிறது. வலி தாங்காத இடம், பாரம் தாங்கும் இடம் என்று பார்த்து அந்த உருவத்தைச் செதுக்கித் திருத்துகிறார்கள். பின்பு பொலிப்புறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் தகட்டை ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் சூட்டில் போறணைக்குள் இளக்கி, அந்த உருவத்தின் மேல் போர்த்தி, இடையில் உள்ள காற்றைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். தகடு உருவத்தோடு ஒட்டி, ஆறியதும் அதே வடிவில் இறுகிவிடுகிறது. இதுதான் வெற்றிட அச்சு முறை.

இந்தத் தொழில் பற்றி இம்மாதம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் போய்வருகின்ற மாதர் சங்கம் ஒன்றுக்கு வியாபாரி ஒருவர் வந்திருந்தார். பொம்மை முகங்கள், முகமூடிகள், சவர்க்கார அச்சுகள் எல்லாம் அடிக்கக்கூடிய இயந்திரம் ஒன்றைத் தவணைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று கையெழுத்து வைக்க வேண்டும். அவர்களில் ஏழு பேர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். ஏற்கனவே நுண்கடன் கட்டுபவர்களும் அதற்குள் இருந்தார்கள். "மிஸ், கையெழுத்து வைக்கலாமோ?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"அந்த இயந்திரம் என்ன வேலை செய்யும் என்று தெரியுமா?" என்று நான் கேட்டேன். "சூடாக்கி அடிக்குமாம்" என்றார் ஒருவர். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக ஐந்து வருடக் கடனா? முதலில் அந்த வேலையை எங்கள் கையால் செய்து பார்ப்போம், பிறகு யோசிப்போம் என்று முடிவெடுத்தோம்.

காற்றின் பாரம்

உறிஞ்சும் குழாய்தான் தகட்டை இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தகட்டை அமுக்குவது எங்களைச் சுற்றியுள்ள காற்று. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தோடு அமுக்கிக்கொண்டே இருக்கிறது. இரு பக்கமும் சமமாக அமுக்குவதால் எங்களுக்கு அது தெரிவதில்லை. தகட்டின் கீழே உள்ள காற்றை எடுத்துவிட்டால் மேலே உள்ள காற்றின் பாரம் முழுவதும் தகட்டின் மேல் விழுகிறது.

வீட்டில் தூசு உறிஞ்சும் சாதாரண இயந்திரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அமுக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஏ4 கடதாசி அளவான தகட்டின் பரப்பு 620 சதுர சென்ரிமீற்றருக்கு மேல். ஆகவே அந்தச் சிறிய இயந்திரத்தோடு கூட 120 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தகட்டை அமுக்கும். இரண்டு பேர் ஏறி நிற்பதற்குச் சமம். இளகிய தகட்டுக்கு இது போதும்.

பெட்டி செய்யும் முறை

எங்கள் பெட்டி இப்படித்தான் உருவானது. ஏ4 அளவை விடச் சற்றுச் சிறிதாக, இரண்டு அங்குல உயரத்தில் பலகையால் ஒரு மூடிய பெட்டி. மூட்டுகள் எல்லாம் காற்றுப் போகாதபடி பசையால் அடைக்கப்பட வேண்டும். மேற்பலகையில் அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள். பக்கத்தில் ஒரு பெரிய துளை, அதில் தூசு உறிஞ்சியின் குழாய். மேற்பலகையின் விளிம்பைச் சுற்றி, கதவு இடுக்கில் ஒட்டுகின்ற இறப்பர் நாடா. தகட்டைப் பிடிக்க ஒரே அளவான இரண்டு மரச் சட்டங்கள். தகட்டை இடையில் வைத்து, கடதாசிக் கட்டுகளுக்குப் போடும் பெரிய இரும்புக் கிளிப்புகளால் சுற்றிவர இறுக்கிவிடலாம். தச்சு வேலை தெரிந்த ஒரு அக்காவே இதை ஒன்றரை நாளில் செய்து முடித்தார். தூசு உறிஞ்சியை இரவல் வாங்கினோம். சூட்டுக்கு, கேக் செய்யும் ஒரு சகோதரியின் மின் போறணை.

தகடு மெல்லியதாக, அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை இருக்கலாம். பழகுவதற்கு நல்லது பொலிஸ்ரைரீன் தகடு. சட்டத்தைப் போறணைக்குள் வைத்ததும் தகடு முதலில் நெளியும். பிறகு பறைத்தோல் போல விறைக்கும். அதன் பின்பு நடுப்பகுதி மெல்லத் தொய்யும். ஓர் அங்குலம் அளவு தொய்ந்ததும் வெளியே எடுத்து, உறிஞ்சியைப் போட்டு, அச்சின் மேல் நேராக அமுக்க வேண்டும். எல்லாம் சில வினாடிகளில் முடிய வேண்டும். தாமதித்தால் தகடு இறுகிவிடும். அரை நிமிடம் ஆறவிட்டு எடுக்கலாம். உறிஞ்சியை நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம், மோட்டார் சூடாகிவிடும்.

தூசு உறிஞ்சி கிடைக்காதவர்களும் தொடங்கலாம். அச்சை விடச் சற்றுப் பெரிய துளையைப் பலகையில் வெட்டி, அதன் மேல் இளகிய தகட்டைச் சட்டத்தோடு பிடித்து, அச்சைக் கையால் துளைக்குள் அமுக்கினால் எளிய கிண்ண வடிவங்கள் வரும். மாதிரி விமானங்கள் செய்பவர்கள் விமானியின் கண்ணாடிக் கூண்டை இப்படித்தான் செய்வார்கள்.

அச்சில்தான் வேலை

முதல் நாள் 9 தகடுகளில் 4 பழுதாகின. பழுதான ஒவ்வொன்றும் அச்சைப் பற்றி எங்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லித் தந்தது.

அச்சின் பக்கங்கள் நேராக இருந்தால் பிளாஸ்ரிக் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மண் சோற்றுக்குச் சிரட்டையைக் கவிழ்க்கும் பிள்ளைக்கு இது தெரியும். அடி அகன்று, மேலே சற்று ஒடுங்கி இருக்க வேண்டும். 3 முதல் 5 பாகைச் சரிவு போதும். மூக்கின் கீழ், தாடையின் கீழ் என்று உட்குடைவு இருந்தால் அச்சு வெளியே வராது. கண் குழி, வாய்க் கோடு போன்ற பள்ளங்களில் மெல்லிய ஊசித் துளை இட வேண்டும். அல்லது காற்று அங்கே சிறைப்பட்டு முகத்தின் சாயல் மழுங்கிவிடும். பாரிஸ் சாந்து அச்சென்றால் நன்றாக உலர வேண்டும்.

உயரமும் கவனிக்க வேண்டியது. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் சதுரத் தகடு 400 சதுர சென்ரிமீற்றர். அதை 10 சென்ரிமீற்றர் கனசதுரத்தின் மேல் போர்த்தினால் அதே தகடு 800 சதுர சென்ரிமீற்றரை மூட வேண்டும். எனவே தடிப்பு சராசரியாகப் பாதியாகும். முதலில் தொடும் உச்சி தடிப்பாக நிற்கும். கடைசியில் தொடும் அடி மூலைகள் மெலிந்து கிழியும். மூலைகளில் மடிப்பும் விழும். ஆகவே உயரம் அகலத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும்.

இந்த அச்சுகளைச் செய்தது யார் தெரியுமா? சங்கத்தில் ஒரு அம்மா இருக்கிறார், அறுபது வயது இருக்கும். இடம்பெயர்வுக்கு முன் கோயில் திருவிழாக்களுக்குக் கடதாசிக் கூழால் முகங்கள் செய்த கை. "இயந்திர வேலை எனக்கு வராது பிள்ளை" என்று ஒதுங்கி இருந்தவர். களிமண்ணில் அவர் பிடித்த புலிமுகமும் குரங்குமுகமும் சாந்து அச்சாகி, தகட்டில் முதன்முதலாக வந்தபோது கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். போறணை யாருடைய வீட்டிலும் இருக்கலாம். அந்தப் புலிமுகம் அவருடைய கையில் மட்டும்தான் இருந்தது.

இது எங்கள் கிராமத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1977இல் வெளிவந்த ஸ்ரார் வார்ஸ் என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் வெள்ளைக் கவசம் அணிந்த படையினர் வருவார்கள். அவர்களுடைய தலைக்கவசங்களை இங்கிலாந்தில் அன்ட்ரூ எயின்ஸ்வேர்த் என்பவர் வெற்றிட அச்சு முறையில் செய்தார். பிளாஸ்ரிக் ஓடங்களும் மீன் தொட்டிகளும் அடித்துக் கொண்டிருந்தவர் அவர். பல ஆண்டுகளின் பின் அதே கவசங்களைத் தானே செய்து விற்கத் தொடங்கியதும் திரைப்பட நிறுவனம் வழக்குப் போட்டது. அது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011இல், அந்தக் கவசம் சிற்பம் என்ற வகையில் அடங்காது என்று கூறி, அந்நாட்டுப் பதிப்புரிமை விடயத்தில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தனை வருடச் சண்டையும் இயந்திரத்துக்காக அல்ல, வடிவத்துக்காக. மற்றவருடைய கேலிச்சித்திர முகங்களைப் படி எடுத்து விற்கச் சொல்லும் வியாபாரிகளை நம்பிச் சிக்கலில் மாட்ட வேண்டாம். உங்கள் கையின் வடிவத்தை விற்றால் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது.

போருக்கென்று வளர்ந்த அறிவு வாழ்வுக்கு உதவுவதையும் இதில் காணலாம். மேடு பள்ளம் கையில் தெரியும் பிளாஸ்ரிக் வரைபடங்களை 1947இல் இந்த முறையில் செய்தது அமெரிக்க இராணுவத்தின் வரைபடப் பிரிவு. பின்னர் இதே முறையால் பார்வையற்றோருக்கான பிறெயில் பக்கங்களையும் தொட்டு அறியும் படங்களையும் படி எடுக்கத் தொடங்கினார்கள். கண் இழந்த பிள்ளைகள் உள்ள எங்கள் பிரதேசத்தில் இதை யோசித்துப் பார்க்கக் கூடாதா?

கவனிக்க வேண்டியவை

பி.வி.சி. தகடு, பி.வி.சி. குழாய்த் துண்டு எதையும் போறணையில் வைக்க வேண்டாம். அளவுக்கு மேல் சூடானால் நுரையீரலை அரிக்கும் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். என்ன பிளாஸ்ரிக் என்று தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். வாசலும் யன்னலும் திறந்த இடத்தில், தடித்த கையுறையோடு, பிள்ளைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பிளாஸ்ரிக் இளக்கும் போறணையில் பிறகு சமைப்பது நல்லதல்ல. எங்கள் கேக் சகோதரியின் போறணையைச் சோதனையோடு நிறுத்தி, அதற்கென்று பழையது ஒன்றை வாங்கினோம். உணவுக்கான அச்சு செய்வதென்றால் அதற்கு ஏற்ற தகடு என்று உறுதி செய்யப்பட்டதையே வாங்க வேண்டும்.

செயற்கைக் கால் அணியும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். இளகி உருவான பிளாஸ்ரிக் மீண்டும் சூட்டில் இளகும். ஆகவே காலை அடுப்பருகே உலர வைக்காதீர்கள். வீட்டில் சூடாக்கித் திருத்தவும் முனையாதீர்கள். முதல் மாதங்களில் மீதிக் கால் வற்றுவது இயல்பு. கிண்ணம் தளர்ந்தால், தோல் சிவந்தால், காலைச் செய்து தந்த நிலையத்துக்கே போங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையத்தைப் பலரும் அறிவீர்கள். அந்தப் பெயருக்குரிய ஜெய்ப்பூர் பாதத்தை இந்தியாவில் 1968 அளவில் உருவாக்கியபோது, வைத்தியர் பி.கே. சேத்தியோடு ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உழைத்தார். அங்கும் கைத்தொழில் தெரிந்தவரின் பங்கு இருந்தது.

கையெழுத்துக்கு முன்

சங்கத்துப் பெண்கள் பழைய போறணையும் மரப்பெட்டியுமாக, பாடசாலை நாடகம் ஒன்றுக்கு 30 முகமூடிகள் செய்து கொடுத்தார்கள். பின்பு கொப்பியில் கணக்கு எழுதினோம். தகட்டின் விலை, பழுதான தகட்டின் விலை, மின்சாரம், வர்ணம், ஒவ்வொருவரும் செலவிட்ட மணித்தியாலம். கூலியையும் சேர்த்தே எழுதினோம். பெண்களின் நேரத்துக்கு விலை இல்லை என்று கணக்குப் போட்டால் எந்தத் தொழிலும் இலாபமாகத்தான் தெரியும்.

இலாபம் வந்தது, ஆனால் சிறிது. அந்த வியாபாரி சொன்ன தவணையைக் கட்டுவதற்கு மாதந்தோறும் எத்தனை முகமூடி விற்க வேண்டும் என்று வகுத்துப் பார்த்தோம். எங்கள் பிரதேசத்துப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து வாங்கினாலும் அந்த எண்ணிக்கை வராது. அவர் மறுபடி வந்தபோது அந்த அம்மாதான் கேட்டார். "தம்பி, சாமானை நாங்கள் செய்வம். வாங்குற ஆளின்ரை பேரைச் சொல்லும்." பதில் வரவில்லை. கையெழுத்தும் வைக்கப்படவில்லை.

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய பெட்டியால் செய்து முடிக்க முடியாத அளவுக்குக் கேள்வி வரும் நாளில், பெரியதை வாங்கலாம். அப்போது அதன் விலை சரியா, அது பழுதானால் எங்கே பழுது என்று கேட்க உங்களுக்கே தெரிந்திருக்கும். எந்தச் சுயதொழிலுக்கும் எவராவது கடன் நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்படி வேலை செய்கிறது? சிறிய அளவில் செய்து பார்க்கலாமா? யார் வாங்குவார்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள்.