வளைவது சங்கிலியா, ஆளா?

'நெகிழ்வுத்தன்மை' என்று எம்பிஏ படித்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தளிப் பக்கம் ரோஜாக் குடில்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, சந்தை மூடியது. பூவுக்குக் கிடங்கு கிடையாது. ஆனால் செடி பிழைக்கணும்னா பூவை வெட்டியே ஆகணும். குப்பையில் கொட்டுவதற்காகக் கூலி கொடுத்துப் பூ வெட்டினார்கள் எங்கள் விவசாயிகள். அந்தச் செலவு எந்தச் சங்கிலியின் கணக்கிலும் வராது.

2024 செப்டம்பர் 28இல் ஓசூருக்குப் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. ஐபோனின் பின்பக்க மூடி செய்யும் இடம். உற்பத்தி நின்றதும் செய்திகள் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? பண்டிகைக்கு ஃபோன் கிடைக்குமா! இந்தியாவுக்குள் அந்த மூடியைச் செய்துதர வேறு ஆள் இல்லையாம். சீனாவை மட்டுமே நம்பக்கூடாது என்று கிளம்பி வந்தவர்கள், இங்கே வந்து ஒரே கூரையை நம்பினார்கள். சார்பு எங்கே சார் குறைந்தது? இடம் மாறியது, அவ்வளவுதான்.

உடனே 1997ஐக் காட்டுவார்கள். அந்த பிப்ரவரி 1இல் ஜப்பானின் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கிருந்துதான் போனது. கையிருப்பு கொஞ்சம், கார் ஆலைகள் நின்றன. சில நாளிலேயே மீண்டும் ஓடின. கையிருப்பே வைக்காத முறைக்குக் கிடைத்த வெற்றி இது என்கிறார்கள். எனக்கு நேரெதிராகப் படுகிறது. காப்பாற்றியது காலிக் கிடங்கு அல்ல; தையல் மெஷின் கம்பெனி உட்பட, வால்வைக் கடைந்து கொடுக்கத் தெரிந்த பல பட்டறைகள் பக்கத்தில் உயிரோடு இருந்ததுதான்.

ஓசூர் சிட்கோவுக்கு வந்து பாருங்கள். பெரிய கம்பெனி கிடங்கைக் காலி செய்தால் சரக்கு ஆவியாகிவிடாது, பட்டறைக்காரர் கொட்டகையில், அவர் வாங்கிய வட்டிக் கடனில் உட்கார்ந்திருக்கும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தரணும் என்று 2006லேயே சட்டம் வந்தாச்சு. கேட்டுப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா? அதனால் கேட்பதில்லை.

ஆட்களுக்கும் இதே கதைதான். வேலை இல்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம் தரச் சட்டம் உண்டு, ஆனால் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. சில மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கும் பெண்ணுக்கு? லைன் நின்ற அன்று அவளும் நிற்கிறாள். நிற்கும் நாளின் கூலியையும் மூடியின் விலையில் சேர்த்து ஆப்பிள் கொடுக்கட்டும். அப்புறம் நெகிழ்வு பற்றிப் பேசலாம்.