ஒட்டாக்கு என்றொரு வசைச்சொல்

அனிமே பார்ப்பவன் வளராத பிள்ளை. அறைக்குள் அடைந்து கிடப்பவன். பெண்களோடு பேசத் தெரியாதவன். சந்தர்ப்பம் வாய்த்தால் எதையும் செய்யக்கூடியவன். இந்த நான்கையும் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் மூன்றும் ஏளனம். நரைத்த தலையோடு ஜப்பானியச் சித்திரப் படங்களின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது பழகிப்போன ஒன்று. நான்காவது ஏளனமன்று, குற்றச்சாட்டு. அதன் பிறப்பிடத்தைச் சொல்லும் கடமை பத்திரிகைக்காரனாகிய எனக்குண்டு. ஏனெனில், அது எங்கள் பட்டறையில் உற்பத்தியான சரக்கு.

'ஒட்டாக்கு' என்ற ஜப்பானியச் சொல் அடிப்படையில் மரியாதைச் சொல். 'தங்கள் இல்லம்' என்று பொருள்படும். 'தாங்கள்' என்று விளிக்கவும் பயன்படும். ரசிகர்கள் தமக்குள் அவ்வாறு விளித்துக்கொண்டதைக் கேலிசெய்து 1983இல் அக்கியோ நக்கமோரி என்பவர் பத்தி எழுதினார். அவர்களின் உடை, உடல்வாகு, மூக்குக்கண்ணாடி எதுவும் தப்பவில்லை. அந்த ரசிகர்களே காசு கொடுத்து வாங்கும் சித்திரக்கதைச் சஞ்சிகையில்தான் அது வெளிவந்தது என்பது வேடிக்கை.

1989இல் வேடிக்கை முடிந்தது. நான்கு சிறுமிகளைக் கொன்ற சுத்தோமு மியாசாக்கி அவ்வாண்டு கைதானான். (திரைமேதை ஹயாவோ மியாசாக்கிக்கும் இவனுக்கும் குடும்பப்பெயர் ஒன்று, வேறு தொடர்பில்லை.) அவனது அறையில் 5,763 வீடியோ நாடாக்கள் இருந்தன. சுவர்மறைய அடுக்கப்பட்டிருந்த அவற்றின் படம் நாடெங்கும் பரவியது. ஒவ்வொரு நாடாவிலும் என்ன இருந்தது என்று பார்க்க யாருக்குப் பொறுமை? எண்ணிக்கையே சாட்சியமாயிற்று. 'ஒட்டாக்குக் கொலைகாரன்' என்ற பட்டம் அவனுக்குக் கிடைத்தது. 2008இல் அவன் தூக்கிலிடப்பட்டான். பட்டத்தின் முற்பாதியை இன்றுவரை சுமப்பவர்கள் எவரையும் கொல்லாதவர்கள்.

இதைவிட வெட்கக்கேடானது 2004 நவம்பரில் நடந்தது. நாரா நகரில் ஏழு வயதுச் சிறுமியொருத்தி கடத்திக் கொல்லப்பட்டாள். கொலையாளி பிடிபடுமுன்பே, பத்திரிகையாளராயிருந்து தொலைக்காட்சி விமர்சகரான ஒருவர், உருவப் பொம்மைகளில் மோகங்கொண்டவர்களுக்குப் புதிய இனப்பெயர் ஒன்றைச் சூட்டி, சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். டிசம்பர் 30இல் கைதானவன் யார்? வீடுவீடாகப் பத்திரிகை போடும் தொழிலாளி. சிறுமிகள் மீதான குற்றங்களுக்காக ஏற்கனவே தண்டனை பெற்றவன். அதற்காகப் பத்திரிகை விநியோகிப்போர் அனைவரையும் நாம் சந்தேகிக்கத் தொடங்கினோமா? இல்லை. தொடங்கியிருந்தால் அது அநியாயம். எங்கள் தொழிலைச் சார்ந்தவர்களுக்கு உடனே கிடைத்த இந்த நியாயம், பொம்மை சேகரிப்பவனுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

அனிமேயில் கழிசடைகள் இல்லையென்று நான் வாதாடமாட்டேன். பிள்ளை உருவங்களை ஆபாசமாக வரைகின்ற படைப்புகள் உண்டு, பார்க்க அருவருக்கிறது. அவற்றைப் பெயர் சொல்லித் தாக்குங்கள், வெளியிட்டவரைக் கேள்வி கேளுங்கள். அது விமர்சனம். ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்காமல் பார்வையாளனின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது சோம்பேறித்தனம்.

2019 ஜூலை 18இல் கியோட்டோ அனிமேசன் நிறுவனத்தின் கலைக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டு 36 பேர் மாண்டனர். தீ வைத்தவன், தன் கதையை அந்நிறுவனம் திருடிவிட்டதாகச் சொன்னான். அதன் படைப்பினால் ஈர்க்கப்பட்டு எழுத வந்தவன்தான் அவனும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாண்டவர்களின் குடும்பங்களுக்கும் காயப்பட்டவர்களுக்குமென்று உலகின் பல மூலைகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. மொத்தம் 300 கோடி யென்னுக்கு மேல். எரிந்த கட்டடத்தின் அருகே மலர் வைத்து அழுதவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படங்களின் ரசிகர்கள். அவர்களுக்கு என்ன பெயர் சூட்டப்போகிறீர்கள்?